பஞ்சு மிஸ் காணாமல் போகும் நேரம்

பெரிய மிஸ்ஸுக்கு யாரையும் முழுசாக நம்பிப் பழக்கமில்லை. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை விரலால் தொட்டுப் பார்ப்பாள். காய்கறிக் கடையில் தராசைப் பார்க்காமல் பையை நீட்டமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து கணவரின் சட்டைப் பையைத் துழாவாமல் ஒரு சட்டையைக்கூடத் துவைக்கப் போட்டதில்லை. கேட்டால், "சந்தேகம் இல்லைங்க, முன்ஜாக்கிரதை" என்பாள். அப்படிப்பட்டவள் நடத்தும் மழலையர் பள்ளியில் அவளுடைய அலுவலறைக் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்ததில் ஆச்சரியம் என்ன? காற்றோட்டத்துக்கு என்று சொல்லிவைத்திருந்தாள். கண்ணாடிக்குள் புகுந்து காற்று எப்படி வரும் என்று கேட்கிற துணிச்சல் அங்கே யாருக்கும் இல்லை.

அந்தச் சதுரம் வழியாகத்தான் ஒரு நாள் காலை அதைப் பார்த்தாள். வகுப்பு நடந்துகொண்டிருக்கிற நேரம். பஞ்சு மிஸ் வகுப்பறையிலிருந்து வெளியே வந்தாள். கதவை ஓசைப்படாமல் சாத்தினாள். நேராகப் பக்கத்து அறைக்குள் நுழைந்து அந்தக் கதவையும் சாத்திக்கொண்டாள். பிள்ளைகள் மதியம் தூங்குவதற்கான பாய்களும் தலையணைகளும் அடுக்கிவைக்கிற அறை அது. காலையில் அங்கே யாருக்கும் ஒரு வேலையும் கிடையாது. ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரத்துக்குப் பிறகு வெளியே வந்தாள். கையில் எதுவும் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி வகுப்புக்குள் போய்விட்டாள்.

மறுநாளும் போனாள். அன்று கொஞ்சம் கூடுதல் நேரம். அதற்கு அடுத்த நாள் இன்னும் கூடுதல். வகுப்பில் அந்த நேரம் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது, சமீபத்தில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த உதவி ஆசிரியை. எல்லாரும் சின்ன மிஸ் என்று கூப்பிடுகிற, குரல் உயர்த்தவே தெரியாத பெண்.

பெரிய மிஸ் கண்ணாடிச் சதுரத்தை விட்டு நகரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் புதிதாக ஒரு மழலையர் பள்ளி திறந்திருந்தார்கள். சுவர் முழுக்க மஞ்சள் பெயிண்ட், ஏசி வகுப்பறை, வாசலில் பொம்மை வேஷம் போட்டுக் கையாட்டுகிற ஓர் ஆள். வேஷத்துக்குள் வேர்த்துக்கொண்டு அந்த மனிதன் ஆட்டுகிற ஒவ்வொரு கையும் தன் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவதாகவே பெரிய மிஸ்ஸுக்குத் தோன்றும். இதுவரை ஒரு பிள்ளையும் போகவில்லை. போகாததற்கு ஒரே காரணம் பஞ்சு மிஸ். அவள் ஒருத்தி எதிர்ப்பக்கம் போனால் பள்ளியில் பாதி அவள் பின்னாலேயே வால் பிடித்துக்கொண்டு போய்விடும். இது பெரிய மிஸ்ஸுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததை அவள் வெளியில் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

பஞ்சு மிஸ்ஸுக்கு அந்தப் பெயரை வைத்தது பிள்ளைகள். முட்டியில் சிராய்ப்பு என்று வந்த பிள்ளைக்கு ஒரு துண்டுப் பஞ்சை வைத்து, "இப்ப வலியை இது குடிச்சிடும், பாரு" என்று அவள் சொன்னது பரவிப்போய், கிரேயான் உடைந்தாலும் பஞ்சு வேண்டும், அம்மா ஞாபகம் வந்தாலும் பஞ்சு வேண்டும் என்றாகிவிட்டது. பிள்ளைகளின் அப்பாக்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கேட்பார்கள்.

அவளிடம் 'பசை' என்று ஒரு குட்டிப் பெண் இருந்தாள். வந்த புதிதில் யார் காலைப் பிடித்தாலும் விடமாட்டாள், பிரித்தெடுத்தால் கடிப்பாள். பெரிய மிஸ்ஸின் மணிக்கட்டிலேயே பல் பதிந்திருக்கிறது. அந்தப் பசையை உட்காரவைத்து, கோபம் வந்தால் வாயைக் கடிக்கத் திறக்காமல் சொல்லத் திறக்க வேண்டும் என்று பஞ்சு மிஸ் மாதக்கணக்கில் பொறுமையாகப் பழக்கினாள். இப்போது அந்தப் பிள்ளை, "எனக்குக் கோபமா இருக்கு, தள்ளி நில்லு" என்று சொல்லும், சொல்லிவிட்டு மூச்சு வாங்கும், பிறகு விளையாடப் போய்விடும். பஸ் ஓட்டுகிற அவளுடைய அப்பா ஒரு நாள் வாசலில் நின்று, "எங்க வீட்டுல பெரியவங்களுக்கே இது வரலைங்க மிஸ், இவதான் எங்களுக்குச் சொல்லிக்குடுக்கறா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய மிஸ் அதைக் கேட்டுப் பெருமையாகச் சிரித்தாள், ஏதோ தானே பழக்கியதைப் போல.

ஆகவே பஞ்சு மிஸ் பாய் அறைக்குள் எதற்குப் போகிறாள் என்பதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டியிருந்தது. முதலில் சமையலம்மாவை விசாரித்தாள்.

"அவ உள்ள போய் யார்கூடவாவது போன்ல பேசறாளா?"

"எனக்கு என்னம்மா தெரியும்? நான் அடுப்பைப் பாக்கவா, அவங்களைப் பாக்கவா? நீங்கதான் கண்ணாடி வெச்சிருக்கீங்களே, காத்து வர்றதுக்கு" என்றாள் சமையலம்மா, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

அடுத்து பசையைப் பிடித்தாள். பிள்ளைகள் பொய் சொல்லாது என்று ஒரு நம்பிக்கை. குனிந்து, இல்லாத கனிவை எல்லாம் குரலில் வரவழைத்துக்கொண்டு, "பஞ்சு மிஸ் எங்கடா கண்ணு போறாங்க?" என்று கேட்டாள்.

"போயிட்டு வருவாங்க."

"அதான் எங்க?"

"பாட்டு முடிஞ்சா வருவாங்க. நேத்து கதை முடிஞ்சா வந்தாங்க. இன்னைக்குக் களிமண் கையெல்லாம் கழுவிட்டா வருவாங்க."

"எதுக்குப் போறாங்க?"

பசை அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தது. "உங்களுக்குக் கோபமா இருக்கா மிஸ்? நான் தள்ளி நிக்கட்டுமா?"

பெரிய மிஸ் எழுந்து விறுவிறுவென்று அலுவலறைக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு தெருமுனையில் பஞ்சு மிஸ் ஒரு வேன் டிரைவரோடு நின்று பேசிக்கொண்டிருந்ததை வேறு பார்த்துவிட்டாள். வேன் மஞ்சள் நிறம். எதிர்ப்பள்ளிச் சுவரும் மஞ்சள். போதாதா? பஞ்சு மிஸ் எதற்கோ தலையாட்டினாள், அந்த ஆள் கையை உயர்த்தி விடைபெற்றான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பெரிய மிஸ் மனசுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டே போனாள்.

"வளத்த கடா மார்ல பாயுதுங்க" என்றாள் வீட்டில். "நம்ம பள்ளிக்கூடத்துல உக்காந்துகிட்டே அவங்ககூடப் பேரம் பேசறா. பாய் ரூமுக்குள்ள போய் போன்ல பேசி முடிக்கறா. தினமும் பேச்சு நீண்டுகிட்டே போகுது, பாருங்க."

அவளுடைய கணவர் பள்ளியின் கணக்கு வழக்கைப் பார்ப்பவர். செய்தித்தாளை மடித்துவிட்டு, "அவளுக்கு அங்க கூடக் குடுப்பாங்களோ என்னவோ. நீயும் கொஞ்சம் ஏத்திக் குடேன்" என்றார்.

"காசு என்ன மரத்துல காய்க்குதா?"

"யானைச் சறுக்கு மரத்துக்கு முன்பணம் குடுக்கச் சொன்னியே?"

அது வேறு விஷயம் என்று பெரிய மிஸ் அதட்டினாள். எதிர்ப்பள்ளியின் பொம்மை ஆளுக்குப் பதிலடியாக, தும்பிக்கையில் ஏறி வால் வழியாகச் சறுக்கி இறங்குகிற ஒரு பெரிய யானையை வாசலில் நிறுத்துவதாக அவள் முடிவு செய்திருந்தாள். கணவர், "ஆனையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுத கதைதான் உன் கதை" என்று முனகிவிட்டுச் செய்தித்தாளை மறுபடி விரித்துக்கொண்டார்.

மறுநாள் காலை பெரிய மிஸ் கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தாள். பஞ்சு மிஸ் வகுப்பில் இருக்கும்போதே பாய் அறைக்குள் புகுந்து, சுருட்டி நிறுத்திய பாய்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஐம்பது வயதைத் தாண்டிய, ஒரு பள்ளிக்கூடத்துக்கே தலைவியான பெண்மணி பாய்க்குப் பின்னால் குந்தியிருப்பது அவளுக்கே கேவலமாகத்தான் இருந்தது. முட்டி வலித்தது. ஒட்டடை தலையில் விழுந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை. சந்தேகம் என்று வந்துவிட்டால் அவளுக்கு முட்டியாவது, மானமாவது.

கதவு திறந்தது. பஞ்சு மிஸ் உள்ளே வந்தாள். மூலையில் கிடந்த, பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலியை இழுத்து, வகுப்பறைப் பக்கத்துச் சுவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். பெரிய மிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இப்போது போனை எடுப்பாள். இப்போது எடுப்பாள்.

எடுக்கவில்லை. அவளிடம் போனே இல்லை. இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, காதைச் சுவர்ப் பக்கம் சாய்த்து, சும்மா உட்கார்ந்திருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சின்ன மிஸ் கதை சொல்வது மெல்லக் கேட்டது. பிறகு ஏதோ விழுகிற சத்தம். ஒரு பிள்ளை வீறிட்டது. பஞ்சு மிஸ் சட்டென்று எழுந்தாள். கதவுவரை போனாள். கைப்பிடியில் கையை வைத்தாள். அழுகை இன்னும் ஏறியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கையை எடுத்துவிட்டு, திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்த பக்கம் சின்ன மிஸ்ஸின் குரல் என்னவோ சொன்னது. அழுகை விக்கலாகி, விக்கல் அடங்கி, பிறகு அந்தப் பிள்ளையே சிரித்தது. பஞ்சு மிஸ் முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் பெரிய மிஸ்ஸுக்குத் தும்மல் வந்தது. அடக்கிப் பார்த்தாள். பாய் மொத்தமும் சரிகிற மாதிரி ஒரு தும்மல்.

"ஐயோ! யாரது?" பஞ்சு மிஸ் ஒரு தலையணையை ஓங்கிக்கொண்டு துள்ளி எழுந்தாள். பிறகு பார்த்தாள். "பெரிய மிஸ்ஸா? இங்க என்ன பண்றீங்க மிஸ்?"

"அதை நான் கேக்கணும்!" பெரிய மிஸ் பாய்களைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். தலையில் ஒட்டடையோடு அதிகாரம் பண்ணுவது அவ்வளவு சுலபமில்லை. "வகுப்பு நேரத்துல இங்க வந்து உக்காந்து என்ன பண்ற?"

பஞ்சு மிஸ் தலையணையைக் கீழே வைத்தாள். "பிள்ளைங்களைப் பழக்குறேன்."

"பிள்ளைங்க அங்க இருக்கு. நீ இங்க இருக்க. என்ன பழக்கம் இது?"

"நான் இல்லாம இருக்கறதுக்குப் பழக்குறேன் மிஸ்." பஞ்சு மிஸ் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினாள். "புதுசா ஒரு பிள்ளை சேர்ந்தா அதோட அம்மாவை எப்படிப் பிரிக்கறோம்? முதல் நாள் அம்மா மூலையில உக்காருவாங்க. அடுத்த நாள், தண்ணி குடிச்சிட்டு வரேன்னு சொல்லிட்டு வெளிய போவாங்க, சொன்ன மாதிரியே வந்துடுவாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைக் கூட்டுவோம். அதேதான். இப்பப் பிரியப்போறது நான். திடீர்னு ஒரு நாள் காணாமப் போனா தாங்காதுங்க."

பெரிய மிஸ்ஸுக்குச் சுருக்கென்றது. பிள்ளையைச் சேர்க்க வருகிற ஒவ்வொரு பெற்றோரையும் உட்காரவைத்து, "எங்க பள்ளியோட தனி முறை இது" என்று இதையேதான் அவள் விளக்குவாள். வாயால் அத்தனை முறை சொன்னது, கண்ணெதிரே நடந்தபோது அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் பஞ்சு மிஸ் செய்ததைப் பார்த்தாளா என்ன? பஞ்சு மிஸ்ஸை மட்டும்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்!

"எதிர்ப்பள்ளிக்குத்தானே?" என்றாள்.

"அங்கயா? அங்க நீங்க குடுக்கறதைவிடக் குறைவு மிஸ், ஏசிக்கே எல்லாம் போயிடுது. நான் பார்சல் கிடங்குக்குப் போறேன். பெட்டிக்கு லேபிள் ஒட்டுற வேலை. அந்த மஞ்சள் வேன்காரர்தான் ஆள் எடுக்கறாங்கன்னு சொன்னார். இங்க வாங்கறதைப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு."

"இவ்வளவு படிச்சிட்டு, இத்தனை பிள்ளைங்களை ஆளாக்கிட்டு, பெட்டிக்கு லேபிள் ஒட்டப்போறியா?"

"பெட்டியைக் கீழ போட்டா உடனே நஷ்டம் தெரியுது மிஸ். அதனால தூக்கறவளுக்குக் கூலி குடுக்கறாங்க. பிள்ளையைக் கீழ போட்டா நஷ்டம் தெரியறதுக்குப் பல வருஷம் ஆகும். அதுக்குள்ள யாரு போட்டதுன்னே மறந்துபோயிடும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

பஞ்சு மிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பல வருஷமாகப் பார்க்காத ஒரு பார்வை. "கேட்டேன். போன வருஷம் ஃபீஸ் ஏத்துனப்ப கேட்டேன். 'பிள்ளைங்களோட விளையாடுற வேலைக்கு இதுக்கு மேல யாரு குடுப்பா'ன்னீங்க. வாசல்ல போர்டு வெச்சிருக்கீங்க, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாதுன்னு. ஐந்துல வளைக்கறவளோட முதுகும் சேர்ந்துதான் வளையுது. அப்புறம் ஆண்டு விழாவுல கேடயம் குடுத்தீங்க."

"சிறந்த ஆசிரியைக் கேடயம் அது!"

"நல்லாத்தான் இருக்கு. என் மகள் அதுல வெச்சுத்தான் பொம்மைக்குச் சோறு ஊட்டுறா." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அவளுக்கு மூணு வயசு முடிஞ்சிடுச்சு மிஸ். பக்கத்து வீட்டு அக்கா டிவி முன்னாடி உக்காரவெச்சுப் பாத்துக்கறாங்க, பாவம், அவங்களைச் சொல்லி என்ன. சேர்ந்தாப்ல ரெண்டு வார்த்தை பேச மாட்டேங்குறா. ஊரான் பிள்ளைக்கெல்லாம் பேச்சு வரவெச்சுட்டு நான் வீட்டுக்குப் போனா, என் பிள்ளை கையைக் காட்டித் தண்ணி கேக்குது. இங்க சேர்க்கலாம்னா என் சம்பளத்துல பாதி ஃபீஸுக்கே போயிடும். வேலை செய்யறவங்க பிள்ளைக்குச் சலுகை இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க."

"சலுகை குடுத்தா எல்லாரும் வரிசை கட்டி…"

"தெரியும் மிஸ். அதனாலதான் கிடங்குக்குப் போறேன். போனதும் அவளை இங்கதான் சேர்க்கப்போறேன். முழு ஃபீஸ் கட்டி. இதைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரியாது."

பெரிய மிஸ் ஒட்டடையைத் தட்டிவிட்டுக்கொண்டே யோசித்தாள். இந்தப் பள்ளியில் வேலை செய்கிறவரைக்கும் இவளால் இந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க முடியாது, வேலையை விட்டால் முடியும். அதை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் நியாயமாக வரவில்லை. பக்கத்து அறையில் பிள்ளைகள் களிமண் கையைக் கழுவி முடித்துவிட்டன போலிருந்தது. "சொன்ன நேரம் ஆயிடுச்சு" என்று பஞ்சு மிஸ் போய்விட்டாள்.

ஆனால் பிறவிக் குணம் அவ்வளவு சீக்கிரம் விடுமா? வீட்டுக்குப் போகிற வழியிலேயே பெரிய மிஸ்ஸின் மனசு கட்சி மாறிவிட்டது. நாடகம்! நான் ஒளிஞ்சிருக்கறது தெரிஞ்சே நடிச்சிருக்கா. போறேன் போறேன்னு பூச்சாண்டி காட்டிச் சம்பளத்தை ஏத்தப் பாக்கறா. "விட்டுப் பிடிப்போம்" என்று கணவரிடம் சொன்னாள். "ஒரு நாள் முழுக்கக் காலையில வராம இருக்கட்டும், பிள்ளைங்க கத்துற கத்துல அவளே தெரிஞ்சுக்குவா, தன்னை விட்டா வேற கதியில்லைன்னு. அப்பவே அவ பேரத்துக்கு வருவா. அப்ப நான் பாத்துக்கறேன்."

அந்த நாளும் வந்தது. கிடங்கில் ஏதோ கையெழுத்துப் போட வேண்டும் என்று பஞ்சு மிஸ் ஒரு காலை விடுப்புக் கேட்டாள். பெரிய மிஸ் தாராளமாகக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வகுப்பறைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: பிள்ளைகள் அழ வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். ஓவென்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி அழ வேண்டும்.

பசை ஜன்னலோரம் போய் நின்றது. உதடு பிதுங்கியது. இதோ ஆரம்பம் என்று பெரிய மிஸ் நிமிர்ந்தாள். சின்ன மிஸ் போய்ப் பக்கத்தில் மண்டி போட்டாள். தூக்கவில்லை, பொம்மையைக் காட்டி ஏமாற்றவில்லை. "பஞ்சு மிஸ் மதியம் சாப்பிட்டு முடிச்சதும் வருவாங்க. அதுவரைக்கும் உனக்கு அவங்களைத் தேடும்ல? எனக்கும் தேடுது. ஜன்னல்கிட்ட நிக்கணுமா, என் பக்கத்துல உக்காரணுமா?" என்று கேட்டாள். பஞ்சு மிஸ்ஸின் அதே வார்த்தை, அதே நிதானம். பசை யோசித்தது. கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்றது. பிறகு தானாகவே வந்து சின்ன மிஸ்ஸின் பக்கத்தில் உட்கார்ந்து களிமண்ணை உருட்டத் தொடங்கியது. காலை முழுக்க ஒரு பிள்ளையும் அழவில்லை.

பெரிய மிஸ் மனசுக்குள் கணக்குப் போட்டாள். பேரம் பேசுகிறவள் தன் சரக்கைத் தானே மட்டம் தட்டுவாளா? தான் இல்லாவிட்டால் பள்ளி நடக்காது என்று காட்டினால்தானே விலை ஏறும்? இவளோ தான் இல்லாமலும் நடக்கும்படி, நாள் நாளாக, பாய் அறையில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, தன் கையில் இருந்த ஒரே ஆயுதத்தைத் தானே மழுக்கியிருக்கிறாள். நடிப்பு இல்லை. நிஜமாகவே போகிறாள்.

மதியம் பஞ்சு மிஸ் வந்ததும் அலுவலறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி உட்காரவைத்தாள். "அங்க குடுக்கறதை நானே குடுக்கறேன். யானை வேண்டாம்னு சொல்லிடறேன். இரு."

"எத்தனை மாசத்துக்கு மிஸ்?"

"இது என்ன கேள்வி? என்னையே சந்தேகப்படறியா?"

"சந்தேகம் இல்ல மிஸ், முன்ஜாக்கிரதை."

பெரிய மிஸ்ஸின் முகம் சிவந்தது. அவளை ஒருத்தர் எடைபோட்டுப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இவ்வளவு எரியும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"சரி, எனக்குக் குடுக்கறீங்க. சின்ன மிஸ்ஸுக்கு?" என்றாள் பஞ்சு மிஸ்.

"ரெண்டு பேருக்கும் ஏத்த நான் என்ன நோட்டு அடிக்கறேனா?"

"அப்ப அவளுக்குக் குடுங்க. நான் அங்க சொல்லியாச்சு. போன வருஷம் நீங்க இதைச் சொல்லியிருந்தா சந்தோஷத்துல அழுதிருப்பேன். இப்ப பிள்ளைங்க அவ கைக்குப் பழகிடுச்சுங்க. என் சம்பளத்துல பாதிதான் அவளுக்கு. அவ எத்தனை நாளைக்கு இருப்பா? அவளும் போனா இன்னொரு தடவை இதுங்களைப் பழக்க முடியாது. ஒட்டவெச்சு ஒட்டவெச்சுப் பிச்சு எடுத்தா, அப்புறம் யார்கிட்டயும் ஒட்டாதுங்க."

"உன் மகளும் அவ வகுப்புலதான் உக்காரப்போறா. அதானே! ஆதாயம் இல்லாம ஆத்துல இறங்குவாளான்னு பாத்தேன்."

"ஆமா மிஸ், ஆதாயம்தான். பெத்தவளுக்கு அதுகூட இருக்கக் கூடாதா?"

பெரிய மிஸ் கண்ணாடிச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு, "யோசிக்கறேன்" என்றாள். அவள் யோசிக்கிறேன் என்று சொன்ன எதுவும் இதுவரை நடந்ததில்லை. பஞ்சு மிஸ்ஸுக்கும் அது தெரியும். எழுந்து வகுப்புக்குப் போய்விட்டாள்.

கடைசி நாளன்று பஞ்சு மிஸ் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து உண்மையைச் சொன்னாள். பிள்ளைகளிடம் பொய் சொல்லி நழுவுவது அவளுக்கு ஆகாது. "இன்னைக்குப் போனா நான் திரும்பி வரமாட்டேன். கதை முடிஞ்சும் வரமாட்டேன், சாப்பிட்டு முடிச்சும் வரமாட்டேன்."

"நாளைக்கு?" என்றது ஒரு பிள்ளை.

"நாளைக்கும் இல்ல. சின்ன மிஸ் இருப்பாங்க."

பசை எழுந்து நின்றது. "எனக்குக் கஷ்டமா இருக்கு."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"நான் தள்ளி நிக்கட்டுமா?"

"வேண்டாம்டா. கிட்ட வா."

பசை வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம்தான். பிறகு இறங்கி, டாட்டா காட்டிவிட்டு, சின்ன மிஸ்ஸின் விரலைப் பிடித்துக்கொண்டு மணல் தொட்டிக்குப் போய்விட்டது. மற்ற பிள்ளைகளும் பின்னாலேயே ஓடின.

வாசல்வரை பெரிய மிஸ்ஸும் சமையலம்மாவும் கூட வந்தார்கள். "போயிட்டு வரேன்னு சொல்லும்மா, வெறுமனே போகாதே" என்றாள் சமையலம்மா. "பிள்ளைங்க காதுல விழும்மா" என்று சொல்லிவிட்டுப் பஞ்சு மிஸ் எதையும் சொல்லாமல் படியிறங்கினாள். கேட்டைத் தாண்டியதும் நின்றாள். உள்ளே காதைக் கொடுத்துக் கேட்டாள். மணல் தொட்டியிலிருந்து சிரிப்புச் சத்தம்தான் வந்தது. அவள் திரும்பினாள்.

"ஒண்ணுகூட அழல மிஸ்" என்றாள். "ஒண்ணுகூட." சொன்னதும் உடைந்துபோனாள். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, விக்கி விக்கி, முதல் நாள் பள்ளிக்கு வந்த பிள்ளையைப் போல அழுதாள். அவள் பாடுபட்டது எல்லாம் பலித்துவிட்டது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. பெரிய மிஸ் தன் கைக்குட்டையை எடுத்து அவளுடைய முகத்தைத் துடைத்துவிட்டாள். பஞ்சு மிஸ் தலையசைத்துவிட்டு, தெருவில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பெரிய மிஸ் கேட்டருகே நின்றாள். சின்ன மிஸ்ஸுக்குச் சம்பளத்தை ஏற்றிக் கொடுத்துவிட வேண்டும், பஞ்சு மிஸ்ஸின் மகளுக்கும் ஃபீஸ் வாங்கக் கூடாது என்று அந்த நிமிஷம் முழு மனசோடு நினைத்தாள். நினைத்த கையோடு அவளுக்கு ஒரு சந்தேகமும் வந்தது. சாயங்காலம் யானைக்காரன் போன் பண்ணுவான். எதிர்ப்பள்ளியில் புது பேனர் கட்டுவார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் இந்த மனசு ஆறிப்போகும். அடுத்த மாசம் பார்க்கலாம், சின்ன மிஸ்தான் வாயைத் திறந்து கேட்கவே இல்லையே என்று சொல்லும். ஐம்பது வருஷமாக அந்த மனசோடு குடித்தனம் பண்ணுகிறவள் அவள். அதன் லட்சணம் அவளுக்குத் தெரியாதா?

கிட்டத்தட்ட ஓடினாள். மணல் தொட்டியருகே மூச்சிரைக்க நின்று, சின்ன மிஸ்ஸிடம் புதுச் சம்பளத்தைச் சத்தமாகச் சொன்னாள்.

சின்ன மிஸ் மிரண்டு எழுந்தாள். கையிலிருந்த மணல் கொட்டியது. "எதுக்கு மிஸ்? நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"தப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. இப்பவே போய் எல்லார்கிட்டயும் சொல்லிடு. சமையலம்மாகிட்ட சொல்லு, கணக்குப் பாக்கற நம்ம சார்கிட்ட சொல்லு, பிள்ளைங்களைக் கூப்பிட வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லு. பஞ்சு மிஸ் பிள்ளைக்கு இங்க ஃபீஸ் கிடையாதுன்னும் சொல்லு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "சாயந்திரம் நானே வந்து அப்படி எதுவும் சொல்லலைன்னு சொன்னா, யாரும் என்னை நம்பக் கூடாது."